கிணறு இருந்த இடத்தில் இரண்டாம் வகுப்பு

ஒரகடம் சாலையில் எதிரே ஒரு லாரி வந்தால் சைக்கிளை மண்ணில் இறக்கி ஒதுங்கி நின்ற காலம் நினைவிருக்கிறதா? அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நமக்கும் காதோரம் நரைத்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறோம், அடுத்து பிள்ளைகளை எந்தப் பள்ளியில் போட்டிருக்கிறோம் என்று பேசுகிறோம். அந்த இரண்டாவது பேச்சு வந்தாலே நான் ஐஸ்கிரீம் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போய்விடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இன்று நானாகச் சொல்கிறேன்.

எங்கள் நிலம் ஏரிக்குக் கீழே இருந்தது. கம்பெனிகள் வர ஆரம்பித்ததும் ஊரில் எல்லாரும் கொடுத்த மாதிரி அப்பாவும் கொடுத்தார். வாங்கியவர் கல் நட்டு, மனை போட்டு விற்றார். கிணறு இருந்த மூலையை மட்டும் பள்ளிக்கூடம் கட்டப்போவதாகச் சொல்லி ஒருவர் வாங்கினார். லாரி லாரியாக மண் கொட்டிக் கிணற்றை மூடி, அதன்மேல் நீலப் பெயிண்ட் அடித்த கட்டடம் எழுப்பி, இங்கிலீஷ் மீடியம் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். கிணற்றங்கரையில் இருந்த ஒற்றைப் பனையை என்ன நினைத்தாரோ, வெட்டாமல் விட்டுவிட்டார். அதனால் கிணறு எங்கே இருந்தது என்பது எனக்கு எப்போதும் தெரியும்.

அந்தக் கிணற்றில்தான் அப்பாவின் தங்கை போனாள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். மற்ற வீடுகளில் வேறு மாதிரி சொல்வார்கள். அத்தை நன்றாகப் படிப்பாளாம். பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்களாம். தாத்தா அப்போதே உயிரோடு இல்லை. நிறுத்தியது அப்பாதான். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. மிச்சம் இருந்தது துருப்பிடித்த ஒரு ஜாமென்ட்ரி பாக்ஸ். அதில் அம்மா ஊக்கும் ஹேர்பின்னும் போட்டு வைத்திருந்தார். அலமாரியில் வேறு எதை எடுத்தாலும் அப்பா அந்தப் பெட்டியைத் தொட மாட்டார்.

நான் பஞ்சாயத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு படித்தேன். தம்பி ஆண்பிள்ளை, அதனால் அவன் எல்கேஜியிலிருந்தே நீலக் கட்டடம். இதில் எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. எங்கள் பள்ளியில் புளியமரம் இருந்தது, சத்துணவில் முட்டை போட்டார்கள், நான்தான் வகுப்பு லீடர். பேசாதவர்கள் பெயரைக்கூடப் பேசினவர்கள் என்று பலகையில் எழுதும் அளவுக்கு எனக்கு அதிகாரம் இருந்தது.

நிலம் போன பிறகு அப்பா கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தார். ஒருநாள் சூப்பர்வைசர் இங்கிலீஷில் ஏதோ சொல்லியிருக்கிறான். அப்பாவின் வயதில் பாதிகூட இருக்காது அவனுக்கு. அப்பா புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வேறு ஒன்றைச் செய்ய, லைனே நின்றுபோனது. எல்லார் முன்னாலும் அவன் கத்தியிருக்கிறான். அன்று ஷிப்ட் முடிந்து வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நாந்தான் அங்க ஊமை மாரி நிக்கிறேன். எம் பொண்ணு எங்கயும் அப்டி நிக்கக் கூடாது. வர்ற வருசம் அவளும் தம்பி இஸ்கூலுக்கே போவட்டும்."

"நல்லா படிச்சிகினு தானே கீறா? இப்ப எதுக்கு மாத்திகினு?" என்றார் அம்மா.

"படிச்சா பத்தாது. பேசணும்."

நிலம் விற்ற பணத்தில் வீட்டை ஒட்டி வரிசையாக ரூம்கள் கட்டி, தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த திருநெல்வேலிக்கார அண்ணன் தலையைத் தூக்கி, "ஏண்ணே, பிள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றார்.

அப்பா சிரித்தார். "அதுக்கு இன்னாப்பா தெரியும்? நம்ம சொல்றதுதான்."

அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னைக் கேட்பது என்பது எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். புது யூனிபார்ம் வாங்கி வந்த அன்று அவரே அயர்ன் பண்ணினார். டையைத் தன் கழுத்தில் முதலில் கட்டிப் பார்த்துப் பழகிக்கொண்டு பிறகு எனக்குக் கட்டினார். தங்கைக்குத் தராததை மகளுக்குத் தந்துவிட வேண்டும் என்று அவருக்குள் ஒரு வெறி இருந்திருக்கிறது. அந்த அவசரத்தில்தான் அவ்வளவு உறுதியாக இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

நீலக் கட்டடத்தில் எனக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். இங்கிலீஷ் போதாது என்று அஞ்சாம் வகுப்புக்குப் போக வேண்டியவளை இரண்டாம் வகுப்பில் போட்டார்கள். நம் பக்கத்தில் அப்போது பல பேருக்கு இது நடந்தது, உங்களிலும் சிலர் இருப்பீர்கள். ஆனால் அந்த இரண்டாம் வகுப்பில்தான் என் தம்பி இருந்தான். நான் உள்ளே நுழைந்ததும் அவன் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டெஸ்க்குக்கு அடியில் என் முழங்கால் நுழையவில்லை. பின்னால் இருப்பவர்களை மறைக்கிறேன் என்று கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனை தெரிந்தது. பனைக்கு வடக்கே, மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கமலையின் கல் கிடந்த இடம் தாண்டி, என்று மனசுக்குள் அளந்து பார்த்தேன். சரியாகக் கிணற்றுக்கு மேலே உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடத்தில் தரை எப்போதும் சில்லென்று இருக்கும். வெளியே தார் உருகும் வெயில் அடித்தாலும் ஷூவையும் சாக்ஸையும் தாண்டிக் குளிர் ஏறும். பக்கத்திலிருந்த பிள்ளையை அங்கே கால் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அது பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று தலையாட்டியது. நான் தமிழில் பேசியதை மிஸ்ஸிடம் சொல்லிக்கொடுக்கவும் செய்தது. தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு மரப்பலகையை மாட்டிவிடுவார்கள். அடுத்து யாராவது தமிழ் பேசி மாட்டிக்கொள்ளும்வரை அதைக் கழற்ற முடியாது. என் கழுத்தில்தான் அது பெரும்பாலும் கிடந்தது.

பிறகு அந்த மத்தியானம். எனக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது. எழுந்து நின்று, "மிஸ், ஒண்ணுக்கு" என்றேன். மிஸ் கெட்டவர் இல்லை. தாம்பரத்திலிருந்து பஸ் மாறி வருகிற சின்னப் பெண். சிரித்துக்கொண்டே, "இங்கிலீஷ்ல கேளு, விடறேன். உன் தம்பி எவ்ளோ அழகா கேப்பான் தெரியுமா?" என்று தம்பியை எழுப்பினார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "மே ஐ கோ அவுட், மிஸ்?" என்று சொன்னான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் காற்றுதான் வந்தது. அதற்குள் பெஞ்சுக்கு அடியில் ஈரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அது பெஞ்சு இடுக்குகளில் புகுந்து தம்பியின் பை வரைக்கும் போனது. அவன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

அதற்கப்புறம் எனக்குப் பேச்சு வரவில்லை. பள்ளியில் மட்டும் இல்லை, வீட்டிலும் வரவில்லை. பிடிவாதம் என்றார்கள். நான் சத்தியமாகப் பேசப் பார்த்தேன். சொல் தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். சாப்பாடு வேண்டுமென்றால் தட்டைத் தூக்கிக் காட்டுவேன். இரவில் தம்பி என் காதருகே வந்து, "நா யார்கிட்டயும் சொல்லல" என்று மட்டும் சொல்வான்.

படப்பையில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டை நன்றாக இருக்கிறது என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அப்பா, "பழகிடும், பழகிடும்" என்றார். பள்ளியில் வேன் அனுப்பினார்கள். அப்பாவே என்னைத் தூக்கி அதில் உட்கார வைப்பார். நான் ஏறாமல் வீட்டு கேட் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழுகிறவர் முகம் அது. அப்படியும் பிரித்தார்.

கடைசியில் அம்மாதான் சொல்லிவிட்டார். "அந்த எடத்து மேல போயி குந்திகினு கீது புள்ள. அவ புட்சிகினா. உங்களுக்கு இன்னும் புரியலயா?"

 நான் ஊமையாகியும், கம்பியை விடாமல் பிடித்தும் அசையாத அப்பா, அம்மாவின் இந்த ஒரு பேச்சுக்கு எழுந்துபோய்த் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார். "பூசாரிகிட்ட சொல்லு" என்றார்.

ஏரிக்கரை அம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவேளை. என்னைக் குளிக்க வைத்து, ஈரத் தலையோடு புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள். ஊரே வந்திருந்தது. ரூம் பையன்கள்கூட நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து நின்றார்கள். பூசாரி உடுக்கை அடிக்க ஆரம்பித்தார். சாம்பிராணிப் புகை, வேப்பிலை வாசனை, நசுங்கிய எலுமிச்சம்பழம். உடுக்கைச் சத்தம் காதுக்குள் புகுந்து நெஞ்சில் அடித்தது.

"யாரு நீ? எங்கர்ந்து வந்த?"

 உடுக்கை இன்னும் வேகமானது. வேப்பிலை முகத்தில் பட்டது.

"கெணத்துல போனவளா நீ?"

சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது. தலையை ஆட்டினேன். அம்மா ஓவென்று அழுதார். உடுக்கை நின்றது. பூசாரி என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குரலை இறக்கினார். அவ்வளவு இதமான குரலை நான் அந்த வருடம் முழுக்கக் கேட்டதில்லை.

"உனுக்கு இன்னா வேணும்மா? எதுவா இருந்தாலும் கேளு. குடுத்துடறோம்."

இத்தனை நாளாக ஒருவரும் கேட்காத கேள்வி. டாக்டர் கேட்கவில்லை, மிஸ் கேட்கவில்லை, பெற்றவர்கள் கேட்கவில்லை. செத்துப்போனவளைக் கேட்கிறார்கள். எனக்குத் தொண்டையில் என்னவோ அவிழ்ந்தது.

"புள்ளைய அந்த இஸ்கூலுக்கு அனுப்பாத" என்றேன். குரல் கரகரத்தது. "பழைய இஸ்கூல்லயே வுடு. அஞ்சாவதுல வுடு."

பேய் பிடித்தவர்கள் என்ன கேட்பார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். சிவப்புப் புடவை, கண்ணாடி வளையல், கருவாட்டுக் குழம்பு, சில பேய்களுக்குச் சுருட்டு. அஞ்சாம் வகுப்பில் அட்மிஷன் கேட்ட பேயைப் பூசாரி அதுவரை பார்த்ததில்லை. கொஞ்சம் தடுமாறி, "பொடவ, வளையலு எதனா..." என்று இழுத்தார்.

"வேணாம். அதான் சொன்னேனே, அண்ணா."

அண்ணா என்று நான் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னேன். அத்தை அப்படித்தானே கூப்பிட்டிருப்பாள். ஒன்பது வயதில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்ததோ. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் அப்படியே என் காலில் விழுந்தார். கம்பெனி கிரீஸ் போகாத கை இரண்டும் என் பாதத்தைப் பிடித்தன.

"அனுப்பல. இனிமே அனுப்பல. உன்ன நிறுத்தினது நாந்தான். தெரியாம பண்ணிட்டேன். என்ன மன்னிச்சுட்டியா? சொல்லும்மா. மன்னிச்சுட்டியா?"

 பெற்ற அப்பா காலில் கிடந்தால் ஒரு பிள்ளை என்ன செய்யும்? எதற்கு மன்னிக்கச் சொல்கிறார் என்பது பாதிதான் புரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் பின்கழுத்தில் ஓடிய வியர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராகவே எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூசாரி என் தலைமுடியில் ஒரு கொத்தை வெட்டி, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்.

திங்கட்கிழமை பஞ்சாயத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பில் உட்கார்ந்தேன். வருகைப் பதிவில் என் பெயர் வந்ததும், "உள்ளேன் ஐயா" என்று நான் சொன்னது வெளியே நின்ற அப்பாவுக்கே கேட்டிருக்கும். ஊரில் யார் கேட்டாலும், "எந் தங்கச்சி கேட்டுட்டா, நா இன்னா பண்றது?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜாமென்ட்ரி பாக்ஸை அன்றே அவர் எங்கோ எடுத்துக்கொண்டு போனார். ஊக்கும் ஹேர்பின்னும் ஒரு காகிதத்தில் மடித்து அலமாரியில் இருந்தன.

எனக்குப் பள்ளி கிடைத்துவிட்டது, அப்பா போய்விட்டார். வீட்டில்தான் இருந்தார். ஆனால் அதுவரை என்னைக் கழுதை, குரங்கு என்று கூப்பிட்டு சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனவர் அப்புறம் ஒருநாளும் ஏற்றவில்லை. என்னைத் திட்டவில்லை, தொடவில்லை, நேராக முகத்தைப் பார்க்கவில்லை. பொங்கலுக்கு என்ன கலர் பாவாடை வேண்டும் என்பதை அம்மாவை விட்டுத்தான் கேட்பார். நான் கேட்ட எதற்கும் மறுப்பே கிடையாது. கல்லூரி, வேலை, பிறகு நானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் சரிதான். என் தோழிகள் அப்படி ஓர் அப்பா கிடைக்கவில்லையே என்று ஏங்கினார்கள். தங்கை என்று நினைத்துத்தான் அவர் எனக்குப் பயப்படுகிறார் என்று நான் நம்பினேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்திருக்கிறேன். சொல்லியிருந்தால், இல்லாத தங்கையை மறுபடியும் கொன்ற மாதிரி ஆகியிருக்கும். சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கோயில் புளியமரத்தையும் வெட்டினார்கள். என் முடி எந்த விறகோடு எரிந்ததோ.

இப்போது மறைமலை நகரில் இருக்கிறோம். என் மகளுக்கு எட்டு வயது. போன வருடம் பெரிய பள்ளியாகப் பார்த்து மாற்றினோம். நானும் என் கணவரும் எத்தனையோ பள்ளிகள் ஏறி இறங்கி எடுத்த முடிவு. மகளையும் கூட்டிப்போய்க் காட்டினோம், நீச்சல்குளத்தைப் பார்த்துக் குதித்தாள். அதனால் கேட்டுவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டேன். சேர்ந்த பிறகு தினமும் காலையில் வயிற்றுவலி. பாடம் கஷ்டம் போலிருக்கிறது என்று டியூஷனுக்கு ஆள் தேடினோம். பழகிடும் என்று என் வாயாலேயே சொன்னேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்பது உறைத்தது.

அந்த வாரம் அப்பா வந்திருந்தார். காலையில் மகள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று நின்றாள். நான் அவள் விரலைப் பிரிக்கக் கையைக் கொண்டுபோனேன். அப்பா என் கையைப் பிடித்து விலக்கினார். எத்தனையோ வருடம் கழித்து அவர் கை என்மேல் பட்டது. பிறகு முட்டி வலியோடு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உனுக்கு இன்னா வேணும் கண்ணு? எதுவா இருந்தாலும் கேளு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "லஞ்ச்ல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்றாங்க தாத்தா. நான் தனியா சாப்பிடறேன்."

பாடமும் இல்லை, வயிறும் இல்லை. அன்று அவளுக்கு லீவு போட்டுவிட்டு டீச்சருக்குப் போன் செய்து பேசினேன். அவள் உள்ளே டிவி பார்க்கப் போனதும் அப்பாவுக்கு டீ கொடுத்தேன். ஆற்றிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி, "அன்னிக்கி உன்னயும் இப்டி கேட்டிருக்கணும்" என்றார்.

 "என்னைக்குப்பா?"

"மரத்தாண்ட. எல்லாம் நீ பேசினதுதான்னு எனுக்குத் தெரியும்மா. எம் பொண்ணு கொரல் எனுக்குத் தெரியாதா? எந் தங்கச்சி கொரலும் தெரியும்."

"அப்புறம் ஏன்பா..."

"ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சேனே, எம் பொண்ணு இங்கிலீசு படிக்கிறான்னு. புள்ள அழுவுதுன்னு நிறுத்தினா சிரிப்பானுங்க. செத்தவ கேட்டான்னா எவன் சிரிப்பான்?" டீயை ஒரு வாய் குடித்தார். "அப்புறம் உன்னப் பாக்கவே வெக்கமா பூட்ச்சு. ஒரு வார்த்த கேக்கறதுக்கு, பெத்த புள்ளைய பேயாக்கிட்டமேன்னு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடமும் இவர் எனக்குப் பயந்ததே இல்லை. "கால்ல விழுந்தீங்களேப்பா?"

"அது அவகிட்ட. மன்னிப்பு கேக்க நா வேற எங்க போவேன்? எல்லாரும் அவ வந்துகிறான்னு சொன்னாங்க. கேட்டு வச்சேன்."  பிறகு இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "ஆனா, மன்னிச்சுட்டியான்னு கேட்டப்ப 'ம்'னு சொன்ன பாரு. அது மட்டும் உன் கொரல் இல்லம்மா. எனுக்கு நல்லா கேட்டுச்சு. அத்த வச்சிதான் இத்தினி வருசம் ஓட்டிட்டேன்."

அன்று நான் பேசியதில் ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். வெளியே நல்ல வெயில். நான் நின்ற இடத்தில் தரை சில்லென்று இருந்தது.